மறு: மறு: ‘அட்ரொசிற்றி கிரைம்ஸ்’ – தமிழில என்ன? (வெள்ளிக்கிழமை கடைசி)

கோண்டாவில் ரீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். கொடுமைகள் நடக்கமுன்னம் அறிகுறிகளைக் கண்டுபிடிக்கிறதுக்கு ஐ.நா. 2014இல வெளியிட்ட பகுப்பாய்வுச் சட்டகத்தை வகுப்புக்காகத் தமிழாக்கிறன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் குடுக்கவேணும். இனப்படுகொலை, போர்க்குற்றம், மானுடத்துக்கு எதிரான குற்றம், அதோட இனச்சுத்திகரிப்பு. இந்த நாலுக்கும் சேர்த்து ‘அட்ரொசிற்றி கிரைம்ஸ்’ எண்டு ஒரு பொதுச்சொல் வைச்சிருக்கினம். தமிழ் என்ன?

இன்னொரு சிக்கல். ‘பிரிவென்ஷன்’ எண்டதுக்குத் ‘தடுப்பு’ எண்டு போட்டு வகுப்பில வாசிச்சன். “அப்பாவை வைச்சிருந்தது, அந்தத் தடுப்போ ரீச்சர்?” எண்டு ஒரு பிள்ளை கேட்டுது.

கரவெட்டி ஐயா:
அட்டூழியம் என்ற அருமையான சொல் கையில் இருக்க ஏன் அலைகிறீர்கள்? ‘அடு’ என்றால் கொல். சமை என்றும் பொருள். அடுகளம் போர்க்களம், அட்டில் அடுக்களை. போர்க்களத்தையே அடுக்களையாக்கிக் கூழ் காய்ச்சும் களவேள்வியைப் பாடிய மொழி இது! அட்டூழியத்தின் ‘அட்டு’ அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

சென்னை நண்பர்:
எங்களிடம் ‘வன்கொடுமை’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளதே?

நல்லூர் சட்டத்தரணி:
இருக்கு அண்ணா, ஆனா அது உங்கட 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தோட ஒட்டின சொல். சாதிக் கொடுமை எண்டுதான் வாசிக்கிறவைக்கு விளங்கும்.

ஐயா, அட்டில் வடிவாத்தான் இருக்கு. ஆனா எங்கட ஊரில வெறியில வந்து வேலியைப் பிடுங்கிறவன் செய்யிறதும் அட்டூழியம்தான். நான் ‘கொடுங்குற்றம்’ எண்டு சொல்லுவன். கொடு எண்டால் வளைவு. செங்கோல் வளைஞ்சால் கொடுங்கோல். கொலைத்தொழில் செய்யிறவையை விடக் குடிகளை அலைக்கிற வேந்தன் கொடியவன் எண்டுதான் வள்ளுவர் கொடுங்கோன்மை அதிகாரத்தைத் தொடங்கிறார். அரசே செய்யிற குற்றம் எண்ட தொனி இந்தச் சொல்லில முன்னமே இருக்கு.

‘தடுப்பு’ விசயத்தில பிள்ளை கேட்டது சரி. போர் முடிஞ்ச 2009க்குப் பிறகு இஞ்ச அது ஆகுபெயராகி, ஆக்களைப் பிடிச்சு அடைச்சு வைச்ச இடத்தைக் குறிக்குது. ‘தடுப்பால வந்தவர்’ எண்டால் ஆருக்கும் விளக்கம் தேவையில்லை. ‘தடை’யும் வேண்டாம், 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் அதைப் பிடிச்சு வைச்சிருக்கு. ‘தடுத்தல்’ எண்டு தொழிற்பெயராவே விடுங்கோ.

பருத்தித்துறை தங்கச்சி:
‘தவிர்ப்பு’ எண்டு போட்டால் என்ன?

நல்லூர் சட்டத்தரணி:
கலியாணவீட்டுக்குப் போகாமல் விடுறதும் தவிர்ப்புத்தான், தங்கச்சி. சட்டத்தில உள்ளது ஒதுங்கி நிக்கிறதில்லை, இறங்கிச் செய்யிற கடமை. பொஸ்னியா சேர்பியாவுக்கு எதிராத் தொடுத்த வழக்கில 2007இல சர்வதேச நீதிமன்றம் என்ன சொன்னது? 1995இல பொஸ்னியாவின்ர ஸ்ரெப்ரெனிற்சாவில நடந்தது இனப்படுகொலை. அதைச் செய்த பொறுப்பு சேர்பியாவில விழேல்லை, ஆனா தடுக்கிற கடமையில அது தவறினது. வென்றியோ தோத்தியோ எண்டு நீதிமன்றம் கேக்கேல்லை. கைக்கெட்டின வழியெல்லாம் பாத்தியோ எண்டுதான் கேட்டது. பாரதூரமான ஆபத்து இருக்கெண்டு அறிஞ்ச நேரத்திலயே, அல்லது அறிஞ்சிருக்க வேண்டிய நேரத்திலயே, கடமை தொடங்கியிட்டுது. அதால ‘தடுத்தல்’ எண்டதுக்கு மறிச்சு முடிச்சது எண்டு பொருளில்லை, மறிக்க முயல்றது எண்டு ஒரு அடிக்குறிப்புப் போடுங்கோ.

பருத்தித்துறை தங்கச்சி:
அப்பிடியெண்டால் ‘இனப்படுகொலை’யும் பிழைதானே? லெம்கின் எண்ட சட்ட அறிஞர் 1944இல ‘ஜெனோசைட்’ எண்ட மூலச்சொல்லை ஆக்கேக்கையே கொலையோட மட்டும் நிப்பாட்டேல்லை. அதைப் பற்றின 1948 ஐ.நா. உடன்படிக்கையின்ர 2ஆம் உறுப்புரையில பிறப்பைத் தடுக்கிறதும் பிள்ளையளைப் பிரிச்சு வேற குழுவிட்டைக் குடுக்கிறதும் இருக்கு. ‘இனவழிப்பு’ எண்டால் எல்லாம் அடங்கும்.

கரவெட்டி ஐயா:
இன + அழிப்பு, சொற்புணர்ச்சி சரி. உடன்படுகிறேன். அட்டூழியத்தை விட்டதில் உடன்பாடில்லை.

சோனகதெரு நானா:
ரீச்சர், நாலாவதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. ‘இனச்சுத்திகரிப்பு.’ தண்ணி சுத்திகரிக்கிறது எனக்கு விளங்குது. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச்சொல்லி முஸ்லிம்களான எங்களுக்குப் புலிகள் தந்தது ரெண்டு மணித்தியாலம். அதில எதைச் சுத்திகரிச்சவை?

கரவெட்டி ஐயா:
சுத்தி என்பது வடமொழியும்கூட. ‘இனத் தூய்மையாக்கம்’ எனலாம்.

சோனகதெரு நானா:
ஐயா, நல்ல தமிழில சொன்னாலும் ஊத்தை நாங்கள்தானே? செய்தவன் தன்ர வேலைக்கு வைச்ச பேரை நாங்கள் ஏன் சுமப்பான்? ‘இனவெளியேற்றம்’ எண்டு போடுங்கோ.

நல்லூர் சட்டத்தரணி:
நானா, ஞாயம் உங்கட பக்கம். ஆனா வெளியேற்றம் எண்டால் கொலையும் வல்லுறவும் சொல்லுக்கு வெளியில நிக்கும். பயங்காட்டித் துரத்திறதுக்கு அதுகளும்தானே வழி? சர்வதேச சட்டத்தில இதுக்குத் தனிக்குற்றமா வரைவிலக்கணமும் இல்லை, பிடிச்சுக்கொள்ள ஒரு கம்பும் இல்லை.

பருத்தித்துறை தங்கச்சி:
‘இனத்துரத்தல்’?

கரவெட்டி ஐயா:
காதுக்குச் சரிவரவில்லை.

சோனகதெரு நானா:
துரத்தினதும் காதுக்கு இனிக்கேல்லை ஐயா.

கோண்டாவில் ரீச்சர்:
எல்லாரும் களைச்சுப்போனியள், அச்சகமும் ரெண்டு தரம் கோல் எடுத்திட்டுது. பெரும்பான்மைப்படி ‘கொடுங்குற்றங்களைத் தடுத்தல்’ எண்டு தலைப்புப் போடுறன். உள்ளுக்கை ‘இனவழிப்பு’, முதல் தரம் மட்டும் பக்கத்தில ‘இனப்படுகொலை’, பேப்பர் வாசிக்கிற பிள்ளையளுக்கு அதுதான் பழக்கம். நாலாவது முடியேல்லை. நானா சொன்ன ஞாயத்தை அடிக்குறிப்பில எழுதி, ‘இனச்சுத்திகரிப்பு’க்கு ஒவ்வொரு இடத்திலயும் மேற்கோள்குறி போடுறன்.

சோனகதெரு நானா:
மேற்கோள்குறி போட்டாலும் சொல் அதேதான். அடுத்த பதிப்புக்கு மாத்தவேணும்.

கரவெட்டி ஐயா:
என் மறுப்பையும் பதிவில் வையுங்கள். நீதிமன்றத்தில் சாதாரணக் கொலைவழக்கையே நாளைக்குக் கொடுங்குற்றம் என்று மொழிபெயர்ப்பார்கள், அப்போது என்ன செய்வீர்கள்? களவேள்விப் பாட்டுகளை நாளை தட்டச்சு செய்து அனுப்புகிறேன்.