உயிருள்ள விலங்கை ஓர் அரசு இன்னோர் அரசுக்குப் பரிசளிக்கலாமா?

கானகன்:
தாய்லாந்து 2001இல் இலங்கைக்கு அன்பளிப்பாக அனுப்பிய முத்துராஜா என்னும் யானை, 2023 ஜூலையில் சரக்கு விமானத்தில் தாயகம் திரும்பியது. விகாரை ஒன்றில் வளர்ந்த அந்த யானையின் முன்னங்கால் மடங்காமல் விறைத்துப்போயிருந்தது. உடலில் சீழ்க்கட்டிகள் இருந்தன. விலங்குநல ஆர்வலர்கள் விடாமல் குரலெழுப்பிய பிறகே தாய்லாந்து தலையிட்டது. யானையின் நிலை குறித்துத் தாய்லாந்து மன்னரிடம் வருத்தம் தெரிவித்ததாக இலங்கைப் பிரதமர் நாடாளுமன்றத்தில் கூற நேர்ந்தது. இந்த வழக்கத்தையே உலக நாடுகள் கைவிட வேண்டும் என்பது என் நிலைப்பாடு. கொடுத்த பொருளைப் பற்றிக் கேள்வி கேட்பது நாகரிகமன்று என்னும் கூச்சம் கொடுத்தவரைத் தடுக்கிறது. பெற்றவரோ பதில் சொல்லும் கடமை தமக்கு உண்டென்று கருதுவதில்லை. இடையில் சிக்கித் தவிப்பது விலங்கு.

தென்கரையார்:
நண்பர் காட்டும் சான்றே அவருடைய முடிவுக்கு எதிராக நிற்கிறது. முத்துராஜா ஏதோ ஒரு வணிகர் வழியாக வந்த யானையாக இருந்திருந்தால், அதற்காக எந்த நாட்டு அமைச்சர் பேசியிருப்பார், எந்த அரசு விமானச் செலவை ஏற்றிருக்கும்? இரு நாடுகளின் மானம் அதன்மீது ஏற்றப்பட்டிருந்ததால்தான் அது வீடு திரும்பியது.

மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். குண்டுவீச்சில் கூண்டுகள் உடைந்தால் ஆபத்து என்று கூறி, டோக்கியோவின் உவேனோ விலங்குக்காட்சிச்சாலையில் இருந்த யானைகளை 1943இல் பட்டினி போட்டுக் கொன்றார்கள். போர் முடிந்த பின், யானை வேண்டும் என்று அந்நகரக் குழந்தைகள் எழுதிய கடிதங்களுக்கு விடையாக நேரு 1949இல் இந்திரா என்னும் யானையை அனுப்பிவைத்தார். இந்தியாவும் ஜப்பானும் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டது 1952இல்தான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், தூதர்கள் செல்லுமுன் அங்கே சென்றது ஒரு யானை என்பது விளங்கும்.

கானகன்:
குழந்தைகள் மகிழ்ந்தார்கள் என்பதை யார் மறுத்தார்? யானைக்கு என்ன கிடைத்தது என்பதே என் கேள்வி. இலங்கை 1985இல் பாகிஸ்தானுக்குக் கன்றாக அனுப்பிய காவனைப் பாருங்கள். இஸ்லாமாபாத்தில் பல ஆண்டுகள் சங்கிலியில் கிடந்தது. இணையாக இருந்த சகேலி 2012இல் இறந்த பிறகு, தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு தனியே நின்றது. 2020 மே மாதம் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே அதற்கு விடிவு பிறந்து, அவ்வாண்டு நவம்பரில் கம்போடியாவின் சரணாலயத்திற்குச் சென்றது. இரு நாடுகளின் மானமும் 35 ஆண்டுகள் எங்கே போயிருந்தன?

மருதநிலா:
இருவரும் யானையோடு நின்றுவிட்டீர்கள். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கு வந்து சென்றபின் அமெரிக்காவுக்குப் பாண்டாக்களைப் பரிசாகவே கொடுத்த சீனா, 1980களில் அதை நிறுத்திவிட்டு இரவல் முறைக்கு மாறியது. ஓர் இணைக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை கட்டணம், பிறக்கும் குட்டியும் சீனாவுக்கே உரியது என்பவை இன்றைய நிபந்தனைகள். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் இருந்த யாயா என்னும் பாண்டா மெலிந்தும் முடி உதிர்ந்தும் காணப்பட்டபோது சீன மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் 2023 ஏப்ரலில் அதைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். உரிமை கைமாறவில்லை என்பதால், அவர்கள் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. உயிருள்ள விலங்கு எல்லை தாண்டியே ஆக வேண்டும் என்றால், எழுதப்பட்ட இரவலாகவே தாண்டட்டும்.

தென்கரையார்:
அந்த முறை செல்வந்த நாடுகளுக்கே கட்டுப்படியாகும். அவற்றுக்குமே எப்போதும் கட்டுப்படியாவதில்லை. 2018இல் 15 ஆண்டுகளுக்கென்று இரண்டு பாண்டாக்களைப் பெற்ற பின்லாந்தின் விலங்குக்காட்சிச்சாலை, செலவைத் தாங்க முடியாமல் 2024 நவம்பரில் திருப்பி அனுப்பிவிட்டது. கொழும்பும் இஸ்லாமாபாத்தும் இத்தகைய கட்டணத்தை எப்படிக் கட்டும்? அப்படியானால் நட்புக்கு அடையாளம் காட்டும் வாய்ப்பு பணமுள்ளவர்களுக்கு மட்டும்தானா?

கானகன்:
கட்டுப்படியாகவில்லை என்றவுடன் திருப்பி அனுப்ப ஒரு வழி இருந்ததல்லவா? காவனுக்கு அந்த வழி திறக்க 35 ஆண்டுகள் ஆயின. நட்பைக் காட்ட விரும்பும் நாடு வனக்காவலர்களுக்குப் பயிற்சி தரலாம். கால்நடை மருத்துவர்களை அனுப்பலாம். முத்துராஜா பட்ட பாட்டுக்குப் பிறகு, யானைகளை இனி வெளிநாடுகளுக்கு அனுப்புவதில்லை என்று தாய்லாந்து அமைச்சர் அறிவித்தார். அந்த முடிவு தவறு என்று தென்கரையார் கருதினால், அடுத்த யானையின் நலனுக்கு யார் பொறுப்பேற்பார் என்பதையும் அவரே கூறட்டும்.