ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

டிடிபி கடை, சாத்தூர்
பவர் லைட் எரியுது, ஃபேன் சுத்துது, மானிட்டர்ல ‘நோ சிக்னல்’. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எனக்குக் காலையில 7 மணிக்கு ஆச்சு. கவுன்டர்ல ஒரு தம்பி நிக்கிறான், கையில அவங்க அப்பாவோட பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேணும், 12 மணிக்கு எடுக்கிறாங்க. நான் கேபிளைப் புடுங்கி மாட்டுறேன், ஸ்விட்சை அமுக்கி அமுக்கிப் பாக்குறேன். அவன் ஒரு வார்த்தை பேசல. போட்டோவைச் சட்டைப் பையில வைக்கிறான், திரும்ப எடுத்துப் பாக்குறான். எட்டரைக்கு ‘வேற கடை பாருப்பா’ன்னு அனுப்பிட்டேன்.

சாயங்காலம் மெமரி சிப் இருக்கிற ராம் பலகையைக் கழட்டி, பொண்ணோட ஸ்கூல் ரப்பரால அந்தத் தங்கக் கலர் பட்டையைத் தேய்ச்சு மாட்டினேன். கிளிப் ‘டக்’னு விழுந்துச்சு, படம் வந்துருச்சு. மொத்தமே 4 நிமிஷ வேலை. அதான் இன்னும் மனசை அறுக்குது.

ஐ5 அப்பா
பொங்கலுக்கு ஒட்டடை அடிக்க சிபியுவை நகத்தினோம். திரும்ப மாட்டினது நான். டிஸ்ப்ளே இல்ல. ராத்திரி பூரா கேம் ஆடி கிராபிக்ஸ் கார்டைக் கெடுத்துட்டான்னு பையனைக் கத்தி, ரெண்டு நாள் அவன்கூடப் பேசல. மெக்கானிக் வந்தார், சிபியுவைத் திறக்கவே இல்ல. பின்னாடி குனிஞ்சு, மேல மதர்போர்டுல சொருகியிருந்த எச்டிஎம்ஐயை உருவி, கீழ கிராபிக்ஸ் கார்டுல சொருகினார். எங்களுது ஐ5-9400எஃப் பிராசஸர். எஃப்னு முடியிற இன்டெல் பிராசஸர்ல தனக்குன்னு கிராபிக்ஸ் கிடையாது, மேல போர்ட் இருந்தும் படம் வராதுன்னார். பையன் கதவோரம் நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். என்னால அவன் முகத்தைப் பாக்க முடியல.

சர்வீஸ் 18 வருஷம்
டிடிபி அண்ணே, ரப்பர் வைத்தியத்தைத் தயவுசெஞ்சு பரப்பாதீங்க. அந்தப் பட்டையில இருக்கிறது மெல்லிசான முலாம், தேய்க்கத் தேய்க்கப் போயிரும். தூள் ஸ்லாட்டுக்குள்ள விழுந்தா அதுவே அடுத்த நோ டிஸ்ப்ளே. உங்களுக்கு வேலை செஞ்சது கழட்டி மாட்டினதாத்தான் இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும்.

என் கதை சின்னது. ஒரு வீட்ல, கரண்ட் சப்ளை பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ள பல்லி கருகிக் கிடந்துச்சு, வாடையை வச்சே கண்டுபிடிச்சேன். ஆனா எல்லாரும் ஒண்ணு செய்யுங்க. கரண்டைப் புடுங்கிட்டு பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிங்க. கேபினட் இரும்பைத் தொட்டுட்டு உள்ள கை வைங்க. ஹார்ட் டிஸ்க், யுஎஸ்பி எல்லாத்தையும் கழட்டிட்டு ஒரே ஒரு ராம் மட்டும் போடுங்க, ஸ்லாட் மாத்தி மாத்திப் பாருங்க. போர்டுல குட்டி ஸ்பீக்கர் இருந்தா ராமே இல்லாம ஒரு தடவை ஆன் பண்ணுங்க. பீப் கத்துச்சுன்னா போர்டும் பிராசஸரும் பெரும்பாலும் உயிரோட இருக்கு. கத்தலைன்னா பிராசஸர் பக்கத்துல போற 4 பின் இல்ல 8 பின் கனெக்டரைப் பாருங்க. போர்டுக்குப் போற பெரிய 24 பின்னை மட்டும் மாட்டிட்டு இதை விட்டுட்டா ஃபேன் சுத்தும், படம் வராது. அப்புறம் போர்டுல காசு மாதிரி இருக்கிற சிமாஸ் பேட்டரி, சிஆர்2032, 3 வோல்ட். கரண்ட் இல்லாதப்போ கழட்டி 5 நிமிஷம் விட்டு மாட்டுங்க. போர்டுல குட்டி டப்பா மாதிரி நிக்கிற கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தா அதோட நிறுத்திக்கிட்டுக் கடைக்குக் கொண்டு போங்க. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்கவே திறக்காதீங்க, ஒயரைப் புடுங்கின பிறகும் உள்ள சார்ஜ் நிக்கும்.

லேப் டீச்சர்
சர்வீஸ் சார், எங்க ஊர்ல ஐசோபுரொப்பைலுக்கு எங்க போறது? 12 வருஷமா ரப்பர்தான், ஊதிட்டு மாட்டுவேன், ஒரு ராம் கூடப் போனதில்ல.

எல்லாரும் சிபியுவையே சொல்றீங்க. எங்க லேப்ல ஒரு பழைய 17 இஞ்ச் எல்சிடி மானிட்டர். ராம், பேட்டரி எல்லாம் பாத்துட்டு, ‘கெட்டுப்போச்சு’ன்னு சீட்டு ஒட்டி ஓரமா வச்சுட்டேன். மூணு நாள் கழிச்சு எட்டாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி, தானா ஆன் பண்ணிட்டு, ‘மிஸ், சத்தம் வருது’ன்னா. விண்டோஸ் ஆரம்பிக்கிற சத்தம்! செல்போன் டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாத்தோம். கறுப்புக்குள்ள மங்கலா ரீசைக்கிள் பின், அதுக்குக் கீழ பிள்ளைங்க சேமிச்ச படங்கள். திரைக்குப் பின்னாடி வெளிச்சம் தர்ற பேக்லைட் மட்டும்தான் போயிருக்கு. அந்த மூணு நாளும் நாலு பிள்ளைங்க ஒரே மவுஸுக்கு இடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

டிடிபி அண்ணே, அந்தத் தம்பி திரும்ப வந்தானா?

புது பில்ட்
சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல பார்ட்ஸ் வாங்கி அன்னைக்கு ராத்திரியே மாட்டினேன். ரைசன் 7600 பிராசஸர், டிடிஆர்5 ராம். திரை கறுப்பு. அரை நிமிஷம் பாப்பேன், அணைப்பேன், திரும்பப் போடுவேன். போர்டுல ராமைக் குறிக்கிற டிராம்னு எழுதின குட்டி லைட் மட்டும் எரியுது. விடியிற நேரம் சலிச்சுப்போய் ஆன்லயே விட்டுட்டுப் பல்லு தேய்க்கப் போனேன். வந்தா போர்டோட செட்டிங்ஸ் காட்டுற பயாஸ் திரை! டிடிஆர்5 முதல் தடவை ராமைப் பழக்கிக்கவே நிமிஷக்கணக்கா எடுக்குமாம். நான் ஒவ்வொரு தடவையும் பாதியில அணைச்சிருக்கேன்.

டிடிபி கடை, சாத்தூர்
வரல டீச்சர். மறுநாள் பஸ் ஸ்டாண்டு சுவத்துல போஸ்டர் பாத்தேன். அதே போட்டோ, கீழ சின்ன எழுத்துல வேற அச்சகத்துப் பேரு. எத்தனை மணிக்குக் கிடைச்சுதோ.

சர்வீஸ் தம்பி, ரப்பர் சண்டை நமக்குள்ள வேணாம். இப்ப டிராயர்ல 4 ஜிபி ராம் ஒண்ணு, விஜிஏ கேபிள் ஒண்ணு தனியா எடுத்து வச்சிருக்கேன். காலையில கடை திறந்ததும் முதல்ல கம்ப்யூட்டரைத்தான் போடுறேன், அப்புறம்தான் வாசல் கூட்டுறது.