பகடை துகில் அன்று வேஷக் கொட்டகையில் பார்த்தது

என் அம்மா பிறந்த ஊர் வந்தவாசிக்கும் செய்யாறுக்கும் நடுவில். திரௌபதி அம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கிற காலி இடத்தில் சித்திரை பிறந்ததும் கீற்றுப் பந்தல் போட்டுவிடுவார்கள். அதுதான் பாரதக் கொட்டகை. அறுவடை முடிந்து நிலம் சும்மா கிடக்கிற காலம். பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் அந்தப் பக்கம் ஏதாவது ஓர் ஊரில் பாரதம் நடந்துகொண்டே இருக்கும். 'அக்னி வசந்த விழா' என்று நோட்டீஸ் அடித்து, வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று எந்த ராத்திரி எந்தக் கூத்து என்பதைப் போட்டிருப்பார்கள்.

மதியம் பிரசங்கம். வில்லிபாரதப் பாட்டைப் பாடிப் பொருள் சொல்வார் பிரசங்கியார். பகலில் காதால் கேட்டதை ராத்திரி கூத்தில் கண்ணால் பார்ப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத என் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, பாரதம் முழுக்க அத்துபடியானது இப்படித்தான்.

2019 மே மாதம் போனபோது அன்றைக்குப் பகடை துகில், அதாவது சூதாட்டமும் திரௌபதியின் துகிலை உரிப்பதும். வேஷம் கட்டுகிற இடத்துக்கு மாமா கூட்டிப்போனார். துச்சாதனன் வேஷக்காரர் பாயில் உட்கார்ந்து, கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தானே முகம் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிரீடமும், தோளில் கட்டுகிற புஜக்கட்டையும். கல்யாண முருங்கை மரத்தில் செய்தது, தூக்கிப் பாருங்கள் என்று கொடுத்தார். பார்வைக்கு இருக்கிற கனம் கையில் இல்லை. திரௌபதி வேஷம் கட்டியவரும் ஆண்தான். காஞ்சிபுரம் பக்கம் 1990ல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் (இந்தக் கூத்துக்கு அப்படியும் ஒரு பேர்) பெண் பிள்ளைகளுக்கும் கற்றுத் தந்திருக்கிறது, அதைப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். ஆனால் எங்கள் ஊருக்கு வந்த ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், பெண்கள் இல்லை.

சூதாட்டம் முடியவே விடியற்காலை மூணு மணி ஆகிவிட்டது. மத்தளமும், ஊதுகிற முகவீணையும் உச்சத்துக்கு ஏறுகின்றன. அதுவரை சபையைச் சுற்றிச் சுற்றி வந்து கர்ஜித்த துச்சாதனன், புடவையில் கை வைக்கிற நேரத்தில் சட்டென்று நின்றுவிட்டார். மத்தளமும் நின்றது. ஒருவர் தட்டில் கற்பூரம் கொண்டுவந்தார். துச்சாதனன் அதே கிரீடத்தோடு கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, "தாயே, இது வேஷம். வயித்துப் பொழப்புக்குச் செய்யறேன். மன்னிச்சிடு" என்றார். திரௌபதி வேஷக்காரரையும் கும்பிட்டார். அதற்குப் பிறகுதான் புடவையைத் தொட்டார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஆயா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு வீட்டில் என்ன நடந்தாலும் கண் கலங்காது, நான் பார்த்ததே இல்லை.

காலையில் டீக்கடையில் துச்சாதனன் வேஷக்காரரைப் பார்த்தேன். காதோரம் அரிதாரம் இன்னும் போகவில்லை. அந்தக் கற்பூரத்தைப் பற்றிக் கேட்டேன். "அந்த வேஷம் கட்டுற அன்னிக்குக் காலையிலருந்து பச்சத்தண்ணி மட்டும்தான் தம்பி. எங்கப்பாவும் அப்படித்தான்" என்றார். அன்றைக்கு அவருக்கு முதல் சாப்பாடு அந்த டீதான்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பத்து மணிக்குப் போய், கூத்தின் கோமாளியான கட்டியங்காரனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு வண்டியை எடுத்துவிடாதீர்கள். கூத்து கனக்கத் தொடங்குவதே ரெண்டு மணிக்கு மேல்தான். ஒரு பாயும் போர்வையும் போதும்.

நான் படுகளம் வரைக்கும், அதாவது துரியோதனன் விழுகிற நாள் வரைக்கும், ஊரிலேயே இருந்துவிட்டேன். தரையில் மண்ணால் செய்த துரியோதனன், ஆள் நீளத்துக்குப் பல மடங்கு பெரிதாகப் படுத்திருந்தான். பீமன் தொடையில் அடித்ததும், திரௌபதி அந்த ரத்தத்தைத் தொட்டுக் கூந்தலை முடிந்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் அதே துச்சாதனன்காரர். அன்றைக்கு அவருக்கு வேஷம் இல்லை. வெள்ளை வேட்டியோடு, கூட்டத்தில் ஓர் ஆளாகக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். ஆயா தன் தட்டிலிருந்த குங்குமத்தை எடுத்து முதலில் அவரிடம் நீட்டினாள்.