கதிர்வீச்சு முடிந்து ஒன்பது வாரம்

செவ்வாய்

[காலை 6:10] மாலதி: அப்பா இரவு முழுவதும் இருமினார். சளி ஒரு துளியும் இல்லை, வறட்டு இருமல். மாடிக்கு ஏறும்போது ஆறாவது படியிலேயே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார். காய்ச்சல் 99.8. இரண்டாம் முறை கொடுத்த ஆன்டிபயாடிக்கும் நேற்றோடு முடிந்தது. எந்த மாற்றமும் இல்லை.

[காலை 6:14] சேகர்: மாலதி, புற்றுநோய்க் கட்டி மறுபடியும் தலைதூக்குகிறதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

[காலை 6:15] வசந்தி: எனக்கும் அதே பயம்தான் சேகர். வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தேன்.

[காலை 6:31] தேன்மொழி: மாலதி அக்கா, பெரியப்பாவுக்குக் கடைசியாகக் கதிர்வீச்சு கொடுத்தது என்றைக்கு?

[காலை 6:33] மாலதி: முப்பது நாள் சிகிச்சையும் முடிந்து நேற்றோடு ஒன்பது வாரம்.

[காலை 6:34] தேன்மொழி: ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தவரிடம் அந்தத் தேதியைச் சொன்னீர்களா?

[காலை 6:36] மாலதி: புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்தோம் என்று சொன்னேன். கதிர்வீச்சு, தேதி எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

[காலை 6:48] தேன்மொழி: நான் மருத்துவர் அல்ல. கதிர்வீச்சுப் பிரிவில் நோயாளியைப் படுக்க வைத்து, குறி பார்த்து, கருவியை இயக்குகிறவள். ஆனால் இந்தக் கதையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நல்லபடியாகச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போவார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து வறட்டு இருமல், மூச்சு வாங்கல், லேசான காய்ச்சல் என்று வருவார்கள். கிருமி இல்லாமலேயே நுரையீரல் அழன்று போவது இது. கதிர்வீச்சு நுரையீரல் அழற்சி என்று பெயர். காற்றுப் பைகளின் உள்சுவர்ச் செல்களும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கதிர் பட்ட அன்றே காயப்பட்டுவிடும். அந்தக் காயம் அழற்சியாக வெளியே தெரியத்தான் வாரக்கணக்கில் ஆகும். பொதுவாக 1 முதல் 6 மாதத்துக்குள் வரும். கிருமியே இல்லாத இடத்தில் ஆன்டிபயாடிக் என்ன செய்யும்?

[காலை 6:50] தேன்மொழி: இதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. நிமோனியாவாக இருக்கலாம், நுரையீரலின் இரத்தக் குழாயில் இரத்தக் கட்டி அடைத்திருக்கலாம், மாமா பயப்படுவது போலவும் இருக்கலாம். ஒரே பரிசோதனையில் உறுதி செய்ய முடியாது. மற்றவை இல்லை என்று பார்த்துத்தான் இதற்கு வருவார்கள். அதனால் இன்றைக்கே கதிர்வீச்சு கொடுத்த மருத்துவரிடம் போங்கள். ஆக்சிஜன் அளவு எவ்வளவு?

[காலை 6:55] மாலதி: உட்கார்ந்திருக்கும்போது 94. நடந்தால் 90.

[காலை 6:56] தேன்மொழி: அப்படியானால் மாலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம் அக்கா. இப்போதே கிளம்புங்கள். வழியில் நெஞ்சுவலியோ, இருமலில் இரத்தமோ, உதடு நீலமாவதோ தெரிந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

செவ்வாய், இரவு

[இரவு 8:20] மாலதி: சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். இரத்தக் கட்டி இல்லை. புற்றுநோய்க் கட்டி வளர்ந்ததாகவும் தெரியவில்லை. மருத்துவர் இன்றைய படத்தின் மேல் பழைய கதிர்வீச்சுத் திட்டப் படத்தைப் பொருத்திக் காட்டினார். திட்டத்தில் கதிர் பட்ட இடத்தைக் காட்டும் கோடுகள் நிறநிறமாக இருந்தன. இன்றைய படத்தில், மூடுபனி படர்ந்த கண்ணாடி போல ஒரு வெண்மங்கல். அந்த மங்கல் ஏறக்குறைய அந்தக் கோடுகளுக்குள்ளேயே அடங்கி நின்றது. நிமோனியா என்றால் நுரையீரலின் மடலைப் பின்பற்றிப் பரவும், இது கதிர் போன பாதையைப் பின்பற்றியிருக்கிறது என்றார். அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான்.

[இரவு 8:24] சேகர்: கடவுளே, அது இல்லை என்றாயிற்றே. அதுவே போதும்.

[இரவு 8:31] மாலதி: பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 60 மி.கி. தினமும் காலையில். வயிற்றுக்கு ஒரு மாத்திரை. இன்னொரு தொற்று வராமல் இருக்க வாரத்துக்கு மூன்று நாள் வேறொரு மாத்திரை. சர்க்கரையை வீட்டிலேயே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஸ்டீராய்டு ஏற்றிவிடும் என்றார்.

[இரவு 8:40] தேன்மொழி: பெரியம்மா, ஒன்று மட்டும் மறக்காதீர்கள். ஒரு வாரத்தில் இருமல் குறைந்துவிடும், பெரியப்பாவும் மாத்திரை போதும் என்பார். விடவே கூடாது. மருத்துவர் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருவார், அதற்கே பல வாரம் ஆகும். திடீரென்று நிறுத்தினால் அழற்சி திரும்பிப் பாயும். உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டும் அதற்குள் தூங்கிப் போயிருக்கும், அதுவே தனி ஆபத்து.

நான்கு வாரம் கழித்து, சனி

[காலை 9:05] வசந்தி: தேன்மொழி, இருமல் அடங்கிவிட்டது. இப்போது 40 மி.கி. ஆனால் மூன்று நாளாகப் புதிதாக ஒன்று. தலையைக் குனிந்தால் கழுத்திலிருந்து முதுகு வழியாகக் கால் வரைக்கும் சுரீர் என்று மின்சாரம் பாய்வது போல இருக்கிறதாம். கரண்ட் வைத்தார்கள் இல்லையா, அது உடம்பிலேயே தங்கிவிட்டதா என்று கேட்கிறார்.

[காலை 9:22] தேன்மொழி: பெரியப்பா, உடம்பில் எதுவும் தங்கவில்லை. கரண்ட் என்பது நாம் வைத்த பேச்சுப் பெயர். உள்ளே போனது எக்ஸ்ரே கதிர்தான், கருவியை நிறுத்திய நொடியே அதுவும் போய்விட்டது. இதற்கு லெர்மிட் அறிகுறி என்று பெயர். தண்டுவடத்தில் நரம்பைச் சுற்றியுள்ள உறை சில மாதத்துக்கு மெலிந்து போவதால் வருகிறது. கதிர்வீச்சு முடிந்து 2 முதல் 4 மாதத்துக்குள் தொடங்கும். பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும்.

[காலை 9:25] தேன்மொழி: ஆனாலும் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். நோய் முதுகெலும்புக்குப் போனாலும் கால் மரத்துப்போவது போன்ற அறிகுறி வரலாம். கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமலோ கழிக்க முடியாமலோ போனாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

[காலை 9:40] கண்ணன்: தேன்மொழி, தண்டுவடம் நிரந்தரமாகக் கெட்டுப்போக வாய்ப்பு உண்டா? மறைக்காமல் சொல்.

[காலை 9:58] தேன்மொழி: உண்டு அண்ணா, மிக அரிதாக. அதற்காகத்தான் திட்டம் போடும்போதே தண்டுவடத்துக்கு ஒரு வரம்பு வைக்கிறோம். கிரே என்பது கதிரை அளக்கும் அலகு. தினம் 2 கிரே வீதம் 50 கிரே வரை தண்டுவடம் வாங்கினால், நிரந்தரச் சேதம் ஆயிரத்தில் இரண்டு பேருக்கு என்ற அளவில்தான் கணக்கிட்டிருக்கிறார்கள். கட்டிக்கு 60 கிரே கொடுத்தாலும் தண்டுவடத்துக்கு அந்த வரம்பைத் தாண்ட விடமாட்டோம். நான் தினமும் பார்க்கிற எண் இது.

[காலை 10:03] கண்ணன்: வேறு என்னவெல்லாம் வரலாம்?

[காலை 10:20] தேன்மொழி: பெரியப்பாவுக்கு இவையெல்லாம் வரும் என்று இல்லை. நுரையீரல் உச்சியில் கட்டி இருந்தவர்களுக்குச் சில வருடம் கழித்தும் கை மரத்து வலுக்குறையலாம், கைக்குப் போகும் நரம்புக் கொத்து பாதிக்கப்படுவதால். சில நாளிலேயே பெரிய அளவில் கொடுத்து முடிக்கும் துல்லியச் சிகிச்சையில், நெஞ்சுச் சுவரை ஒட்டிய கட்டியானால் அடியே படாமல் விலா எலும்பு முறியலாம். இதயத்தைச் சுற்றி நீர் கோக்கலாம். உணவுக்குழாய் சுருங்கலாம். மிக அரிதாக உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையே துளை விழும். தண்ணீர் குடித்தவுடனே ஒவ்வொரு முறையும் இருமல் வந்தால் அதைச் சாதாரணமாக விடக்கூடாது.

[காலை 10:27] தேன்மொழி: எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது இன்னொன்று. கதிர்வீச்சு முடிந்து மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆகியிருக்கும். புதிதாக ஒரு மருந்து ஏற்றுவார்கள். அன்றைக்குக் கதிர் பட்ட அதே இடம் மட்டும் மறுபடியும் அழன்று எழும். 1959-இல் டாஞ்சியோ என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் ஆக்டினோமைசின்-டி என்ற புற்றுநோய் மருந்தில் இதை முதலில் எழுதினார்கள். ஜெம்சிடாபைன், டாசிடாக்செல் போன்ற மருந்துகளிலும் வருகிறது. நுரையீரலிலும் வரும். எத்தனை வருடம் ஆனாலும், எந்த மருத்துவரிடம் போனாலும், கதிர்வீச்சு எங்கே, எத்தனை கிரே, எத்தனை நாள், என்றைக்கு முடிந்தது என்பதைச் சொல்லச் சொல்வது இதனால்தான் அக்கா. சிகிச்சைச் சுருக்கம் என்று ஒரு தாள் கொடுத்திருப்பார்கள்.

[காலை 10:41] மாலதி: கோப்பின் அடியில் இருந்தது. நான் இதுவரை அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இப்போது நான்கு பிரதி எடுத்தாயிற்று. ஒன்று அப்பாவின் சட்டைப் பையில், ஒன்று கண்ணனுக்கு, ஒன்று மாமாவுக்கு, ஒன்று இருமலுக்கு மருந்து கொடுத்தாரே அவருக்கு. நாளைக்கே போய்க் கொடுக்கிறேன்.

[காலை 10:44] சேகர்: எனக்குப் படமாகவும் அனுப்பிவிடு மாலதி. நள்ளிரவில் அழைத்தாலும் கைபேசியில் இருக்கும்.

[காலை 11:02] நடராசன்: எல்லாவற்றையும் படித்தேன் அம்மா தேன்மொழி. இன்று காலையில் குனிந்தபோது நான்கு முறை சுரீர் என்றது, நாட்குறிப்பில் நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். திங்கள்கிழமை மருத்துவரிடம் காட்டுகிறேன். சட்டைப் பையில் இருக்கும் தாளில் எழுத்து மிகச் சிறிதாக இருக்கிறது. கடைசித் தேதியையும் 60 கிரே என்பதையும் மட்டும் பின்பக்கத்தில் பெரிதாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன்.