கடைமடையில் ஆறு மழைக்காலம்: என் 2002 ஜிப்ஸி

பழைய மாருதி ஜிப்ஸி ஜீப் வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் இன்ஜினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். ஆறு மழைக்காலம் ஓட்டிய பிறகு சொல்கிறேன், எங்கள் பக்கம் இந்த வண்டியைத் தின்பது உப்பு. அதனால் நான் எழுதுவதில் பாதிக்கு மேல் துருவைப் பற்றித்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஊர் திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகிற பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற சரியான கடைமடை. 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா புயல் கரையேறியபோது எங்கள் தெருவில் இருந்த தென்னை அத்தனையும் ரோட்டில் குறுக்கே கிடந்தது. மறுநாள் அத்தைக்கு மூச்சுத்திணறல். கார் இருந்தும் எடுக்க வழியில்லை. பக்கத்து ஊர் மாமா ஒருத்தர் தன் பழைய ஜீப்பை ஆற்றுக்கரை மேலேயே ஏற்றி, சேற்றில் வழுக்கி வழுக்கி வந்து அத்தையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். அத்தை பிழைத்துக்கொண்டார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று நம் வீட்டிலும் நிற்க வேண்டும் என்று.

ஏன் ஜிப்ஸி என்றால், எடை. கான்வாஸ் கூரை வண்டி ஒரு டன்னுக்குள் அடங்கிவிடும். சம்பா நடவு முடிந்த பிறகு எங்கள் களிமண்ணில் கனமான வண்டி இறங்கினால் டிராக்டர் வைத்துத்தான் எடுக்க வேண்டும், ஜிப்ஸி மேலேயே நகர்ந்து போய்விடும். மாருதி இதை 1985-இல் 970 சிசி இன்ஜினோடு கொண்டுவந்தது. 1996-இல் 1.3 லிட்டர் 'ஜிப்ஸி கிங்' வந்தது, 2000-இல் அதிலேயே எம்பிஎஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதிலாக பெட்ரோலைப் பீய்ச்சிக் கொடுக்கிற இன்ஜின். கார்புரேட்டர் வண்டி விலை குறைவுதான், ஆனால் ஈரக் காலையில் ஸ்டார்ட் செய்யப் பட்டபாடு தெரிந்தவர்கள் சொன்னதைக் கேட்டு எம்பிஎஃப்ஐதான் வேண்டும் என்று தேடினேன். 80 குதிரைத்திறன். பொதுமக்களுக்குப் புது ஜிப்ஸி விற்பது நின்றதும் நான் வாங்கிய அதே 2019-இல்தான்.

முதலில் தஞ்சாவூரில் ஒன்று பார்த்தேன். பச்சை பெயிண்ட், பெரிய டயர், பார்க்க ராஜா மாதிரி இருந்தது. கூட வந்த, வண்டித் தகர வேலை பார்க்கிற டிங்கர் அண்ணன் பெயிண்டைப் பார்க்கவே இல்லை. துணியில் சுற்றிய காந்தத்தை எடுத்து கதவுக்குக் கீழே, பின்சக்கர வளைவு என்று ஓட்டிக்கொண்டே போனார். பாதி இடத்தில் ஒட்டவில்லை. உள்ளே தரைவிரிப்பைத் தூக்கினோம், டிரைவர் கால் வைக்கிற இடத்தில் தகரத்தை வைத்து மேலே பட்டி பூசியிருந்தார்கள். அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து, சேசிஸை, அதாவது வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டத்தை, ஸ்பேனரால் முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டிங்' என்று வரும். பின் பட்டை ஸ்பிரிங் தொங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் 'டொப்' என்று வந்தது, துரு செதில் செதிலாக அவர் நெற்றியில் உதிர்ந்தது. "தம்பி, இது வண்டி இல்ல, பெயிண்டுதான் நிக்குது. வா போவோம்" என்றார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு பார்த்த இரண்டு வண்டியையும் நானே தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

கடைசியில் கிடைத்தது குன்னூரில், 2002 ஜூலை வண்டி, தேயிலைத் தோட்டத்தில் ஓடியது. மலை வண்டியில் கிளட்சும் பிரேக்கும் தேய்ந்திருக்கும், ஆனால் கடல்காற்று படாத சேசிஸ். கிளட்ச் மாற்றிக்கொள்ளலாம், சேசிஸை மாற்ற முடியுமா? இன்னொன்று, சேசிஸ் நம்பர் அந்தச் சட்டத்தில்தான் பொறித்திருக்கும். ஆர்.டி.ஓ. ஆபீசில் பென்சில் பிரிண்ட் எடுக்கும்போது எழுத்து தெளிவாக விழ வேண்டும், துரு தின்றிருந்தால் அலைச்சல்தான். வாங்குவதற்கு முன்னால் நீங்களே ஒரு பேப்பரை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கான கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது, எனக்கு அந்த வருஷம் ஜூலையில்தான் முறை வந்தது, புதுக் கட்டணம்தான் கட்டினேன். பசுமை வரி தனி.

இப்போது நான் செய்த தவறு. கழனியிலிருந்து வந்ததும் சேறு போக நன்றாகக் கழுவ வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் ஒரு நாள் விடாமல் கழுவினேன். வீட்டு போர் தண்ணீரில். எங்கள் ஊர் போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும், துணி துவைத்தால் நுரைக்காது. அந்தத் தண்ணீரை இரண்டு வருஷம் பிரஷர் பம்பில் சேசிஸின் ஒவ்வொரு பொந்துக்குள்ளும் நானே பீய்ச்சியிருக்கிறேன். 2021-இல் பின்சீட்டுக்குக் கீழே விரல் போகிற அளவுக்கு ஓட்டை. குன்னூரில் பதினேழு வருஷம் தாங்கிய தகரம் என்னிடம் இரண்டு வருஷத்தில் போய்விட்டது என்று மனசு அவ்வளவு கஷ்டப்பட்டது. தரையை வெட்டி எடுத்து புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய 38,000 ரூபாய் ஆனது. இப்போது குளத்துத் தண்ணீர், இல்லையென்றால் ஆற்றில் தண்ணீர் வரும் மாதங்களில் வாய்க்கால் தண்ணீர், அதுவும் இல்லையென்றால் தொட்டியில் பிடித்த மழைத்தண்ணீர். குடத்தில் மொண்டு ஊற்றினாலும் பரவாயில்லை, போர் தண்ணீர் மட்டும் படவே விடுவதில்லை. கதவுக்கும் தரைக்கும் கீழே தண்ணீர் வடிகிற சின்னத் துளைகள் இருக்கும், அவற்றைக் குச்சியால் குத்திவிடுங்கள், களிமண் அடைத்தால் உள்ளேயே தண்ணீர் நிற்கும். துருவைச் சுரண்டாமல் மேலே கறுப்பு கோட்டிங் அடித்துத் தருகிறேன் என்பார்கள், வேண்டாம். அது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிடும்.

அடுத்தது முன்சக்கர நக்கிள், அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தோடு திரும்புகிற மூட்டு. ஒரு நாள் மன்னார்குடி ரோட்டில் அறுபதில் போகும்போது ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினேன், ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிற மாதிரி உதற ஆரம்பித்தது, வண்டி நிற்கிற வரை உதறல் நிற்கவில்லை. வீல் பேலன்ஸ், அலைன்மென்ட், உதறலை அடக்குகிற ஸ்டியரிங் டேம்பர் என்று ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொன்றை மாற்றினார்கள், ஒரு மாதம் கழித்து மறுபடியும் அதே உதறல். மன்னார்குடியில் பழைய ஜீப் மட்டுமே பார்க்கிற வயசான மெக்கானிக் ஒருத்தர்தான் நக்கிளைத் திறந்தார். கறுப்பாக இருக்க வேண்டிய கிரீஸ் பால் ஊற்றின காபி நிறத்தில் வழிந்தது. சீல் போய், சேற்றுத்தண்ணீர் உள்ளே புகுந்து கிங்பின் பேரிங்கை அரித்திருக்கிறது. மேலும் கீழுமாக சக்கரத்துக்கு இரண்டு குட்டி பேரிங், அவை தளர்ந்தால் சக்கரம் தானே ஆடும். புது பேரிங், புது சீல் போட்டார். அப்புறம் மீன் கடையில் தொங்குமே ஸ்பிரிங் தராசு, அதை எடுத்து நக்கிள் நுனியில் மாட்டி மெதுவாக இழுத்தார். "பாரு, லேசா அசையுது. இன்னும் கொஞ்சம் இறுகணும்" என்று இடையில் வைக்கிற மெல்லிய தகட்டு ஷிம் ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி இறுக்கி மறுபடி இழுத்தார். ஒரு சக்கரத்துக்கு நாலு தடவை. தராசு முள் அவருக்குத் திருப்தியான இடத்தில் நின்ற பிறகுதான் சக்கரத்தை மாட்டினார். அன்றிலிருந்து உதறல் இல்லை. டேம்பர் உதறலை மறைக்கும், தீர்க்காது, இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் சொல்லிக்கொடுத்த இன்னொன்று, ஆக்சில் மூச்சுக்குழாய். ஓடிச் சூடான ஆக்சில் கூடு (ஹவுசிங்) சட்டென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும், மூச்சுத்துளை சேறு அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு ஹவுசிங்கிலிருந்தும் ரப்பர் டியூப் போட்டு மேலே பானட்டுக்குள் கட்டிவிட்டோம், சொற்பச் செலவு. வருஷா வருஷம் தையில் ஆக்சிலுக்குள் இருக்கிற கிரௌன் ஆயிலை இறக்கிப் பார்க்கிறேன், வெளுத்திருந்தால் உடனே மாற்றிவிடுவேன்.

நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமானால் இறங்கி, முன்சக்கர நடுவில் இருக்கிற ஹப்பைக் கையால் திருப்பிப் பூட்டுகிற வண்டி என்னுடையது. தார் ரோட்டில் நாலு சக்கர இழுவையில் ஓட்டாதீர்கள், முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழல விடுகிற டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது, ஜாயிண்ட் முறுக்கிக்கொள்ளும். அதே சமயம் மாதம் ஒருமுறையாவது மண்ணில் பூட்டி ஓட்டுங்கள், முன் ஆக்சிலில் எண்ணெய் ஏற வேண்டும்.

ஸ்பேர் பற்றிப் பயப்பட வேண்டாம். எஸ்டீமிலும் முதல் ஸ்விஃப்டிலும் வந்தது இதே 1.3 இன்ஜின் குடும்பம்தான், அவற்றில் குறுக்காக வைத்திருப்பார்கள், அதனால் எல்லாம் அப்படியே சேராது, ஆனால் உள்ளே போடுகிற நிறையச் சாமான் ஒத்துப்போகும். கிடைக்காமல் அலைய வைப்பது பாடி ரப்பரும் பீடிங்கும்தான், எங்கே பார்த்தாலும் வாங்கி வைத்துவிடுங்கள். இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் ரப்பர் மவுன்டில் தனியாகத் தொங்கும், லீவர் ஆடினால் முதலில் அந்த ரப்பரைப் பாருங்கள். பெட்ரோலில் எத்தனால் கூடிய பிறகு பழைய பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். மைலேஜ் எனக்கு பத்து, சேற்றில் ஏழு.

போன கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை, தெரு முழுக்க முழங்கால் தண்ணீர். பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு இடுப்புவலி என்று இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். ஹப்பைப் பூட்டி, மெதுவாக இழுக்கிற லோ கியரில் போட்டு, ஆற்றுக்கரை மேலேயே ஏற்றிக்கொண்டு போனேன். முன்னால் ஒரு பையன் டார்ச் அடித்துக்கொண்டே நடந்தான். ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு விடியக்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குளத்திலிருந்து இருபது குடம் தண்ணீர் ஊற்றினேன். முன்கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலையில் பெயிண்ட் லேசாகக் குமிழிட்டிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். அறுப்பு முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டிவிட வேண்டும், ரப்பர் வாங்கித் தயாராக வைத்திருக்கிறேன்.