குறைமாதக் குழந்தைக்குத் தொடை இடுக்கில் புடைப்பு: காத்திருக்கலாமா?

கேள்வி (பெரம்பூரிலிருந்து ஒரு தாய்):
குறைமாதத்தில் பிறந்த எங்கள் மகனுக்கு இப்போது 3 மாதம் ஆகிறது. அழும்போதும் முக்கும்போதும் வலது தொடை இடுக்கில் எழும் புடைப்பு, தூங்கியதும் அடங்கிவிடுகிறது. தொப்புளும் சற்றுத் துருத்தியிருக்கிறது. தொடை இடுக்கில் இருப்பது ஹெர்னியா என்றும், விரைவில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றும் மருத்துவர் சொல்கிறார். தொப்புள்மேல் நாணயம் வைத்துக் கட்டினால் இரண்டும் சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார். இவ்வளவு சிறிய குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதை நினைத்தாலே மனம் பதறுகிறது. ஒரு வயது வரை காத்திருக்கலாமா?

பதில் (குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர்):
காத்திருக்க வேண்டாம், அம்மா. தொப்புள் புடைப்பு பெரும்பாலும் 4, 5 வயதுக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். நாணயம் அதற்கு உதவாது, தோலைத்தான் புண்ணாக்கும். தொடை இடுக்கு ஹெர்னியாவின் போக்கே வேறு. கருவில் விரை வயிற்றிலிருந்து கீழே இறங்கும்போது உடன் வரும் சவ்வுப் பை மூடாமல் நின்றுவிட்டதால், குடல் அதற்குள் நழுவி வருகிறது. இது தானாகச் சரியாகாது. குடல் அங்கே சிக்கிக்கொள்ளும் ஆபத்து முதல் வயதில்தான் அதிகம். சிக்கினால் குடலுக்கும் விரைக்கும் இரத்த ஓட்டம் தடைபடலாம். அந்தப் பையின் கழுத்தைக் கட்டிவிடுவதே அறுவை சிகிச்சை. பெரியவர்களுக்குப் போல வலை வைப்பதில்லை. மயக்க மருந்து குறித்த உங்கள் அச்சம் நியாயமானதே. குறைமாதக் குழந்தைகளுக்கு அதன்பின் மூச்சு இடையிடையே தடைபடக்கூடும் என்பதால் ஓர் இரவாவது கண்காணிப்பில் வைப்பார்கள். எனவே குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மருத்துவரும், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள மருத்துவமனையையே தேர்ந்தெடுங்கள்.

பதில் (ஒரு தந்தை, தண்டையார்ப்பேட்டை):
பெண் குழந்தைகளுக்கும் இது வரும். என் மகளின் புடைப்புக்குள் இறங்கியிருந்தது குடல் அன்று, சினைப்பை. மருத்துவரிடம் போகும் நேரத்தில் புடைப்பு மறைந்துவிடும் என்பதால், அது எழும்போது கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள், சகோதரி. மருத்துவர் நேரில் விளக்கினால் அவருடைய கவலையும் குறையும்.

கேள்வி கேட்ட தாய்:
அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கச் சொல்லிவிட்டோம். அதுவரை எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில் (மருத்துவர்):
குழந்தை அமைதியான பிறகும் புடைப்பு உள்ளே போகாமல் கெட்டியாக இருந்தாலோ, தோல் சிவந்தாலோ, குழந்தை தேற்ற முடியாமல் அழுதாலோ, வாந்தி எடுத்தாலோ, அதிலும் பச்சை நிறமாக எடுத்தால், பால் கொடுக்காமல், நீங்களாக அழுத்தித் தள்ளவும் முயலாமல், நள்ளிரவானாலும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடத்தின் அவசரப் பிரிவுக்கு உடனே கொண்டுசெல்லுங்கள்.