புதுப்பிப்பு: விலை ஏறிய பிறகும் சிறிய பிக்கப் வாங்கலாமா?

சிறிய பிக்கப்புகளின் விலை இவ்வளவு ஏறிய பின்னும் அவற்றை வாங்கலாமா, நடுத்தர அளவு வண்டிக்குப் போய்விடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி; சிறிய பிக்கப்பான ஃபோர்டு மேவரிக்கின் ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும்) வகையை வாங்கிவிட்டேன்.

அறிவிப்பு விலையை மட்டும் பார்க்காமல், டெலிவரி கட்டணம், வரி, கடன் வட்டி, காப்பீடு, எரிபொருள் ஆகிய அனைத்தையும் வண்டியை வைத்திருக்கப்போகும் ஆண்டுகளுக்குக் கூட்டிப் பார்க்கச் சொன்ன யோசனையே முடிவெடுக்க உதவியது. 2022 மாடலாக 19,995 டாலரில், அடிப்படை வகையிலேயே ஹைப்ரிட்டாக அறிமுகமான வண்டி, 2025 மாடலில் 26,000 டாலரைத் தாண்டிவிட்டது உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஆயினும் பெரும்பாலும் நகருக்குள்ளேயே ஓட்டும் எனக்கு, எரிபொருளில் மிச்சமாவதால் மொத்தச் செலவு நடுத்தர வண்டியைவிடத் தெளிவாகக் குறைந்தது.

பழைய வண்டி மலிவாகக் கிடைக்கும் என்ற யோசனை மட்டும், நான் எதிர்பாராத விதமாக, பலிக்கவில்லை. ஓரிரு ஆண்டு ஓடிய ஹைப்ரிட்டுகளுக்குப் புதியதற்கு நெருக்கமான விலையே கேட்டார்கள். அவற்றுக்குக் கடன் வட்டியும் அதிகம்.

மேவரிக்கில், டிரெய்லர் இழுப்பதற்கான கூடுதல் வசதித் தொகுப்பு இல்லாவிட்டால் 2,000 பவுண்டு வரைதான் இழுக்கலாம். 4,000 பவுண்டு தேவைப்படுவோர் அத்தொகுப்பின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பெரிய டிரெய்லரை அடிக்கடி இழுப்பவர்களுக்கு நடுத்தர வண்டியே பொருந்தும்.